ஆந்தை மரத்து வாடகை

ஒரு காட்டில் ஒரு மரம் இருந்தது. "மரம் இல்லாத காடு எங்கே இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. இது வாடகைக்கு விட்ட மரம். அதனால்தான் தனியாகச் சொல்கிறேன்.

பெரிய மருத மரம் அது. சொந்தக்காரர் ஓர் ஆந்தை. உச்சியில் இருந்த பெரிய பொந்தில் ஆந்தை வசித்தது. நடுவில் இருந்த சின்னப் பொந்தில் ஓர் அணில் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. அடிமரத்தில் ஓர் ஓணான் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பொந்தும் கிடையாது, வாடகையும் கிடையாது. யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவது ஒன்றுதான் அதன் வேலை.

அணில் கொடுத்த வாடகை என்ன தெரியுமா? பழமா, கொட்டையா? இரண்டும் இல்லை. காவல்! ஆந்தை பகலெல்லாம் தூங்குமல்லவா? பாம்போ காக்கையோ மரத்தை நெருங்கினால் அணில் தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஆந்தை விழித்துக்கொள்ளும். அவ்வளவுதான் ஏற்பாடு.

அணில் ஒரு நாள்கூட அதில் தவறியதில்லை. பெரிய ரோஷக்காரி. "கொடுத்த வாக்கைக் காப்பாத்துறவ நான்" என்று அடிக்கடி சொல்லிக்கொள்ளும். ஓணான் தலையை ஆட்டும்.

இது இப்படி இருக்க, ஆற்றங்கரை இலவ மரத்தில் ஓர் இளம் இருவாச்சி ஜோடி வாழ்ந்தது. பெரிய அலகு கொண்ட இந்தப் பறவைகளுக்கு ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பொந்தின் வாயைச் சேறு பூசி அடைத்துவிடுவார்கள். அலகு நுழைய ஒரு சின்ன இடுக்கு மட்டும் இருக்கும். ஆண் பறவை பழம் தேடி வந்து அந்த இடுக்கு வழியாக ஊட்டிவிடும்.

பாவம், அந்த இலவ மரத்துப் பொந்தின் வாய் ஒரு புயலில் பிளந்து அகன்றுபோனது. எவ்வளவு சேறு பூசினாலும் நிற்கவில்லை. ஆந்தைக்கோ தன் பொந்தின் வாய் குறுகல் என்று நெடுநாள் குறை. உள்ளே போகும்போதெல்லாம் சிறகு உரசும். கேட்க வேண்டுமா? இருவரும் பேசி மரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அந்தக் காட்டில் ஒரு முறை உண்டு. மரம் கைமாறினால், பழைய சொந்தக்காரர் அதைச் சுற்றிப் பறந்து, "இனி இது இன்னாருடைய மரம்!" என்று கூவ வேண்டும். ஆந்தையும் முறை தவறாமல் கூவியது. ஆனால் ஆந்தை எப்போது கூவும்? ராத்திரியில்தானே! வௌவாலுக்குச் சேதி தெரிந்தது. மரநாய்க்குத் தெரிந்தது. அணில் மட்டும் குட்டிகளை அணைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

காலையில் கண் விழித்துப் பார்த்தால், உச்சிப் பொந்துக்குப் பக்கத்தில் அலகில் சேற்றோடு ஓர் இருவாச்சி!

"யாருப்பா நீ? ஆந்தையண்ணன் எங்கே?"

"நாங்கதான் அக்கா இந்த மரத்துக்குப் புதுசா வந்திருக்கோம். ஆந்தையண்ணன் எங்க மரத்துக்குப் போயிட்டார். நீங்க கவலைப்படாதீங்க. உங்க பொந்து உங்களுக்குத்தான். பழைய ஏற்பாடே இருக்கட்டும். பாம்பு வந்தா ஒரு குரல் கொடுங்க, போதும். நான் எங்கே இருந்தாலும் பறந்து வந்துடுவேன்."

அணிலின் வால் சிலிர்த்துக்கொண்டது. "என்கிட்ட யாரும் சொல்லலையே?"

"ராத்திரி சுத்திச் சுத்திக் கூவினாரே!"

"ராத்திரி கூவினா பகல்ல முழிக்கிறவளுக்கு எப்படிக் கேட்கும்?"

நியாயமான கேள்விதான். நான் அணிலாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் இருவாச்சி பதில் சொன்ன பிறகு அணில் சொன்னது இருக்கிறதே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

"அப்போ நீங்களே ஒரு நடை போய்க் கேட்டுட்டு வந்துடுங்களேன், அக்கா. ஆத்தங்கரைதானே? அதுவரைக்கும் குட்டிகளை நான் பார்த்துக்கறேன்" என்றது இருவாச்சி.

"நான் ஏன் போகணும்? சொல்ல வேண்டியவர் வந்து சொல்லட்டும்! நான் வாக்குக் கொடுத்தது அவருக்கு. அவர் வந்தா என் வாடகை தயாரா இருக்கு. உனக்கும் எனக்கும் ஒரு பேச்சும் இல்லை."

சொல்லிவிட்டு அணில் விறுவிறுவென்று இறங்கி ஓணானிடம் வந்தது.

"நான் சொல்றது சரிதானே?"

ஓணான் தலையை ஆட்டியது.

"போய்க் கேட்டா என் மரியாதை என்ன ஆகும்?"

அதற்கும் ஆட்டியது. "போய்க் கேட்கட்டுமா?" என்று கேட்டிருந்தால் அதற்கும் ஆட்டியிருக்கும். அணில் அதை மட்டும் கேட்கவில்லை.

நாட்கள் போயின. சேறு பூசியாயிற்று. பெண் பறவை உள்ளே முட்டையிட்டு அடைகாத்தது. அணில் அதே பொந்தில்தான் இருந்தது. அதே கிளையில்தான் வெயில் காய்ந்தது. ஆனால் மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆண் இருவாச்சி ஒரு கடிந்த சொல் சொல்லவில்லை. பழம் கொண்டு வரும்போதெல்லாம் ஒன்றை அணிலின் வாசலில் போட்டு, "குட்டிங்களுக்கு, அக்கா" என்று சொல்லிவிட்டுப் போகும். குட்டிகள் தின்னும். அணில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஒரு நாள் நல்ல மழை. சேற்றுச் சுவரின் ஓரம் நனைந்து இளகிவிட்டது. மறுநாள் வெயில் வந்ததும் ஆண் பறவை பழம் தேடிப் போனது. அந்த நேரம் பார்த்து ஒரு சாரைப் பாம்பு மரத்தில் ஏறியது.

ஓணான் பார்த்தது. பாம்புக்கும் தலையை ஆட்டிவிட்டுப் பட்டைக்குள் ஒளிந்துகொண்டது.

அணிலும் பார்த்தது. குட்டிகளை உள்ளே தள்ளித் தன் உடம்பால் வாசலை அடைத்துக்கொண்டது. கத்துவதற்கு வாயும் திறந்துவிட்டது! இத்தனை நாள் பழக்கமல்லவா? அப்போது பார்த்துத்தானா அந்த ரோஷம் வர வேண்டும்? "இவங்களுக்கு நான் ஏன் வாடகை கொடுக்கணும்?" என்று நினைத்து வாயை மூடிக்கொண்டது.

பாம்பு அதன் வாசலைத் தாண்டி மேலே போனது. இளகிய சேற்றை முட்டியது. சேறு பொத்தென்று விழுந்தது.

"அக்கா! அக்கா!" என்று உள்ளேயிருந்து பெண் பறவை கூப்பிட்டது.

அடடா, அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் அணிலுக்குப் புத்தி வந்தது. காடே அதிரும்படி கத்தியது. ஆண் பறவை பறந்து வந்து அலகால் ஒரு போடு போட்டது. பாம்பு கிளையிலிருந்து விழுந்து புதருக்குள் ஓடியது. பெண் பறவை பிழைத்தது. முட்டைகள்தான் இல்லை.

ஆண் இருவாச்சி திட்டவில்லை. "கொஞ்சம் முன்னாடி கத்தியிருக்கலாம், அக்கா" என்று மட்டும் சொன்னது.

அணில் ஒரே ஓட்டமாக ஆற்றங்கரைக்கு ஓடியது. பட்டப்பகலில் ஆந்தையை எழுப்பியது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி, "நீங்க ஏன் அண்ணே என்கிட்ட சொல்லலை?" என்று அழுதது.

ஆந்தை பொந்தைவிட்டு வெளியே வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது.

"உன்னை எழுப்பிச் சொல்லியிருக்கணும் தாயி. அது என் தப்பு. ஆனா மரத்தைக் கொடுத்தப்போ உன் காவலையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். 'நல்ல அணில் ஒண்ணு குடியிருக்கு, பயமில்லாம முட்டை வைங்க'ன்னு சொன்னேன். அதை நம்பித்தான் அதுங்க வந்துச்சு. நீ ஒரு நடை வந்து கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே!"

அணில் திரும்பி ஓடியது. ஓடும்போதே சொல்ல வேண்டியதை யோசித்துக்கொண்டது. இனி உங்களுக்குத்தான் வாடகை, ஒரு நாளும் தவற மாட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தது.

மருத மரத்தில் யாரும் இல்லை. உச்சிப் பொந்து வாய் திறந்து கிடந்தது. விளிம்பில் கொஞ்சம் காய்ந்த சேறு. அணிலின் வாசலில் ஒரு பழம் இருந்தது. காலையில் போட்டதாக இருக்கும்.

சில நாளில் அந்த மரத்துக்குப் புதிய சொந்தக்காரர் வந்தார். யாரும் சுற்றிப் பறந்து கூவவில்லை. சாரைப் பாம்பு உச்சிப் பொந்துக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. அது என்ன வாடகை கேட்கும் என்று அணில் நின்று விசாரிக்கவில்லை. குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு, மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்க இடமில்லாத ஒரு முட்புதருக்குப் போய்விட்டது.

இப்போதும் எந்த மரத்தில் பாம்பு ஏறினாலும் அந்த அணில் கத்துகிறது. அது யாருடைய மரம் என்று கேட்பதே இல்லை. கத்திவிட்டு, இருவாச்சி வருகிறதா என்று வானத்தைப் பார்க்கும். இருவாச்சிகள் அந்தப் பக்கம் வரவே இல்லை.

நீதி: வீட்டுக்குச் சொந்தக்காரர் மாறினாலும் குடியிருப்பவரின் வாடகைக் கடமை மாறுவதில்லை, யாருக்குக் கொடுப்பது என்று சந்தேகம் வந்தால் வீம்பு பாராமல் அன்றே போய்க் கேட்டுவிட வேண்டும்.