கொழுக்கட்டைப் புல்லுக்குக் காவல் இருந்தவன்

மண்கோட்டை கட்டி ராஜாக்கள் ஆண்ட காலத்தில், மழை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போகும் கொங்குச் சீமையில், நல்லணன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்குக் கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் காடு ஒன்று இருந்தது. காடு முழுக்கக் கொழுக்கட்டைப் புல்.

அந்தப் புல் ஒருமுறை வேர் பிடித்தால் போதும். மாடு மேய்ந்தாலும், வெயில் கருக்கினாலும், ஒரு மழைக்கு மறுபடி தழைத்துவிடும். நல்லணனின் சினைப்பசு கோடையைத் தாண்ட அதை விட்டால் வேறு கதியில்லை. விதை உதிரட்டும் என்று காட்டுப் படலைச் சாத்தி வைத்திருந்தான்.

ஒரு நாள் காலையில் புல் நுனி கடிபட்டிருந்தது. பக்கத்துக் காட்டுச் செல்லாண்டியின் ஆடாக இருக்குமோ என்று நினைத்தான்.

மறுநாள் புழுக்கை கிடந்தது. முயல் புழுக்கை உருண்டை, ஆட்டுப் புழுக்கை நீளம். கொங்குச் சீமையில் இது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். நல்லணன் உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆட்டுப் புழுக்கையேதான்" என்றான். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்தானே.

மூன்றாம் நாள் செல்லாண்டி எதிரே வந்தான். "என்ன நல்லணா, புல்லு நல்லா வந்திருக்குதாட்ட இருக்குது" என்று சிரித்தான். அவ்வளவுதான். திருடாதவன் எதற்கு என் புல்லைப் பார்க்கிறான் என்று நல்லணன் கறுவினான்.

வேலியோரம் உட்கார்ந்து காவல் காத்தான். ஒருவரும் வரவில்லை. "நான் இருப்பது தெரிந்துதான் வரவில்லை, பலே கள்ளன்" என்று சந்தேகம் இன்னும் முற்றியது. கடைசியில் மண்வெட்டியைத் தூக்கினான்.

அவன் மனைவி பாவாயி தடுத்தாள். "ஏனுங்க, அறுத்துப் போர் போடுங்க, வேண்டாங்கல. வேரைக் கொத்தாதீங்க. மழை பேஞ்சா எதுங்க துளுக்கும்?"

"வேரு இருந்தா அவன் ஆடுதான் திங்கும். நீ சும்மா இரு."

காடு முழுக்கக் கொத்தி, வேரோடு வீட்டில் போர் போட்டான். கடைசிப் புல் குத்தில் மண்வெட்டி விழுந்தபோது, அதற்குள்ளிருந்து இரண்டு முயல்கள் துள்ளி வேலிச் சந்தில் ஓடின. நல்லணன் பார்த்தபடி நின்றான். கொத்திய வேரை யார் ஒட்டவைப்பது?

போர் தீர்ந்தது. பசு கன்று போட்டது. மழையும் பெய்தது. செல்லாண்டியின் காடு பச்சைப் பசேல் என்று எழுந்தது. நல்லணன் காட்டில் வெறும் செம்மண் சேறு. பசுவின் மடியில் பால் வற்றி, கன்று எழுந்து நிற்கத் தள்ளாடியது. வெட்கம் பிடுங்கித் தின்ன, அவன் செல்லாண்டியிடம் போனான்.

"உன்னையத்தான் கள்ளன்னு நெனச்சேன், செல்லாண்டி. என்ற பசு உன்ற காட்டுல மேயலாமா?"

செல்லாண்டி தன் காட்டுப் படலைத் திறந்துவிட்டான். "பசுவ ஓட்டிட்டு வா. ஆனா காவலுக்கு மட்டும் நீ உக்காராதே."

கேட்டீர்களா மக்களே, கள்ளன் புல்லைத்தான் கொண்டுபோவான், சந்தேகமோ வேரையே கொண்டுபோய்விடும்.