கன்னம் படும் இடம்

"ஊருல உள்ள ஓட்டை விளக்குக்கெல்லாம் விலை சொல்றீங்க, ஆசானே. என் துப்பாக்கின்னா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்க. நான் அப்படி என்ன தப்பு செஞ்சேன்?"

தங்கையன் இதைக் கேட்டபோது எப்சிபாய் ஒரு சுவர்க் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து உள்ளே ஊதிக்கொண்டிருந்தாள்.

"தப்பு செஞ்சீங்கன்னு நான் எப்ப சொன்னேன்?" என்றாள். தலையைத் தூக்கவில்லை.

மலையில் எஸ்டேட் பங்களாக்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்த காலம் அது. உள்ளே கிடந்த கட்டில், கண்ணாடி, கிராமபோன் என்று எது கைமாறினாலும் எப்சிபாய் சொன்னதுதான் விலை. பெண் என்றாலும் ஊர் அவளை ஆசான் என்றுதான் கூப்பிட்டது. அவளுக்கு நாற்பது இருக்கும். அவளிடம் விலை சொல்லும் வித்தையைப் படிக்க வந்த தங்கையனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை ஆசானே என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

நடுப்பகல்தான். ஆனால் வெளியே மரம் தெரியவில்லை, பாதை தெரியவில்லை. மஞ்சு என்று ஊர் சொல்லும் மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்து, இன்னும் விலை சொல்லப்படாத நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்து எழுந்தது. சுவரில் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. எதையும் எப்சிபாய் திருத்துவதில்லை.

வெளியே ஒரு ஜீப் ஹார்ன் அடித்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தது.

"ரிசார்ட்காரன் வந்து நிக்கான்," என்றார் தங்கையன். "நீங்க சொல்ற விலைக்கு எடுத்துக்கிடுவேங்கான். இன்னைக்கு விட்டா மலை இறங்கிருவான்."

"சுவத்துல மாட்டத்தானே?"

"ஆமா. சாப்பாட்டு ஹால்ல. பக்கத்துல ஒரு மான் தலை இருக்காம்."

"மான் தலையா? கேஸ் ஆயிராதா?"

"பிளாஸ்டிக் மான்."

எப்சிபாய் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"கொண்டாங்க."

அவர் படுக்கை விரிப்பைப் பிரித்தார். உள்ளே லீவர் துப்பாக்கி. விசைக்குக் கீழே வளையம் போல ஒரு பிடி. அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். இப்போது தோட்டாவுக்கு வேலையில்லை. உள்ளேயிருந்த ஊசியை எடுத்துவிட்டார்கள், இனி அது சுடாது.

குழல் மழையில் நனைந்த காக்கை போலக் கறுத்து மின்னியது. தோளில் வைக்கும் மரக்கட்டை தேன் நிறத்தில் பளபளத்தது. கீறல் இல்லை, கறை இல்லை.

"கல்யாண மாப்பிள்ளை தோத்தான்," என்றாள் எப்சிபாய்.

தங்கையனுக்கு உள்ளூரச் சந்தோஷம். "மரவேலை முழுக்க நானே செஞ்சதாக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, வார்னிஷ் அடிச்சு, மறுபடி தேய்ச்சு. குழலுக்குக் கறுப்பு ஏத்தினது மட்டும் கீழே ஒரு பட்டறையில."

"நல்ல கை உங்களுக்கு."

"அப்ப விலை?"

"இரும்பும் மரமும் சேருற இடத்துல நகத்தை வச்சு ஓட்டுங்க."

ஓட்டினார். நகம் இரும்பின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து, மரம் தொடங்கும் இடத்தில் சின்னதாகக் கீழே விழுந்தது.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"செய்தவன் ரெண்டையும் ஒரே மட்டமாத்தான் வச்சிருப்பான். எவ்வளவு விழுந்துச்சு?"

"ஒரு தாள் கனம் இருக்கும்."

"அந்தத் தாள் எங்க?"

தங்கையன் அவளைப் பார்த்தார். விளையாடுகிறாளா என்று தெரியவில்லை.

"தூளாப் போச்சு. முற்றத்துல கூட்டித் தள்ளினேன். மழை கொண்டுபோச்சு."

எப்சிபாய் தலையாட்டினாள். மழை எந்தப் பக்கமாகப் போயிற்று என்று யோசிக்கிறவள் போல ஜன்னலைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, வேற ஒருத்தன் இதைக் கொண்டாந்து உங்க முன்னால வச்சா என்ன சொல்லுவீங்க? என்கிட்ட இத்தனை நாள் படிச்சிருக்கீங்கல்லா."

"தேய்ச்சவன் கையை முறிக்கணும்னு சொல்லுவேன்." யோசிக்காமலே வந்துவிட்டது. "தோலை உரிச்சிட்டு ஆட்டுக்கு விலை கேக்கியான்னு சொல்லுவேன். பழைய சாமானைப் புதுசாக்கினா பாதி விலை அங்கயே போச்சு. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"உங்களுக்கும் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் தேய்ச்சீங்க?"

மஞ்சு ஒரு கிராமபோனின் பித்தளைப் பூவுக்குள் போய்த் திரும்பி வந்தது.

"அண்ணன் முகம் இருந்துச்சு ஆசானே, அதுல."

"எங்க?"

"கட்டையில. வலப்பக்கம். கன்னம் வைக்கிற இடம். அவன் வேர்வையும் எண்ணெயும் ஊறி ஊறி, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பா. ராத்திரி படுத்தா அது அலமாரிக்குள்ளேர்ந்து என்னைப் பாக்குது. என்னால முடியல."

அவர் சொன்னார். அண்ணன் அருளப்பனும் அவரும் பேசிக்கொண்டது அப்பாவை அடக்கம் செய்த அன்றோடு சரி. அப்பா எஸ்டேட்டில் ஆனை விரட்டும் காவல்காரர். துரை ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கிகள் இரண்டு அவரிடம் இருந்தன. ஒன்று இந்த லீவர். இன்னொன்று வலப்பக்கம் கொண்டி வைத்தது, ஒவ்வொரு குண்டுக்கும் கொண்டியைத் தூக்கி இழுத்துத் தள்ள வேண்டும். சாகும்போது அப்பா லீவரை அண்ணனுக்கும் கொண்டியைத் தம்பிக்கும் என்று சொல்லிவிட்டார்.

"அழகானது அவனுக்கு. எருமை மாதிரி கனத்தது எனக்கு. மூத்தவன்னா அப்படித்தானாம். நான் அந்த வாரமே என் பங்கை லைசென்ஸோட போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டேன். அவன் வாசப்படி மிதிக்கமாட்டேன்னும் சொன்னேன். மிதிக்கல."

"அவரு?"

"அவன் வந்தான். நான் உள்ள இருந்துக்கிட்டே இல்லைன்னு சொல்லச் சொன்னேன்."

"இப்ப இது எப்படி உங்ககிட்ட?"

"பங்குனியில போய்ச் சேந்துட்டான். பெத்த மகன் இருக்கான், அவனுக்குக் குடுக்கல. தம்பிக்குக் குடுன்னானாம். அவன் பெண்டாட்டி, மைனிதான் இந்த விரிப்புல சுத்திக் கொண்டாந்தா. என் முகத்தைப் பாத்தா. ‘அதே தாடை’ன்னு சொல்லிட்டு, வாயைப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் போயிட்டா. சாகும்போதும் குத்திக்காட்டிட்டுப் போயிட்டான் பாத்தீங்களா? அப்பா எனக்குக் குடுத்ததை நீ வச்சிக்கோன்னு, பிச்சை மாதிரி."

ஹார்ன் மறுபடி கேட்டது. இந்த முறை கொஞ்சம் நீளமாக.

"ஒரு விலை சொல்லிட்டீங்கன்னா போதும் ஆசானே. விலை சொன்னா அது வெறும் சாமான். தூக்கிக் குடுத்துட்டு நான் தூங்கப் போவேன்."

எப்சிபாய் எழுந்து வந்து அவர் எதிரே நின்றாள்.

"லீவரைத் தள்ளிப் பாருங்க."

அவர் வலது கையால் தள்ளி இழுத்தார். கிளிக், கிளாக்.

"இடது கையால."

"எதுக்கு?"

"பாருங்களேன்."

கை மாற்றினார். கிளிக், கிளாக். அதே சத்தம், அதே வழுக்கல். மஞ்சுக்குள் எங்கோ ஒருவர் அதையே திரும்பத் தள்ளி இழுப்பது போல ஒரு நொடி அவருக்குக் கேட்டது.

"கஷ்டமா இருக்கா?"

"இல்ல. பிடி நடுவுல, கீழ இருக்கு. எந்தக் கைக்கும் ஒண்ணுதான்."

"உங்களுக்கு வந்த கொண்டித் துப்பாக்கி?"

"அதை இடது கையால முடியாது. கொண்டி வலப்பக்கம்லா இருக்கு. இடதுகைக்காரன் ஒரு குண்டு சுட்டா, அடுத்ததுக்குத் துப்பாக்கியைக் கன்னத்துலேர்ந்து எடுக்கணும். ஆனை முன்னால வந்து நிக்கும்போது முகத்தை எடுத்தா அவ்வளவுதான். ஆனை பாத்துக்கிட்டா நிக்கும்? அதுக்குத்தான் இடதுகைக்காரனுக்கு..."

அங்கே நின்றுவிட்டார்.

அருளப்பன் சோறு பிசைவது இடது கையால். பள்ளிக்கூடத்தில் அதற்கு அடி வாங்குவான். வீட்டில் அப்பா மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். எச்சிலைக் கழுவிவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு காவலுக்குக் கூட்டிப்போவார்.

கட்டையில் கறுப்பு இருந்தது வலப்பக்கம். இடது கன்னம் படும் பக்கம்.

கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எது சரியான நேரம் என்று எதுவும் சொல்லவில்லை.

"எடுத்துத் தோளுல வைங்க," என்றாள் எப்சிபாய், மெதுவாக. "இடது தோளுல."

"எனக்குப் பழக்கமில்ல."

"அவரு மாதிரி வைங்க."

அவர் வைத்தார். கோணலாக இருந்தது, யாரோ ஒருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டது போல. குழல் ஜன்னலைத் தாண்டி வெண்மையைப் பார்த்தது. குறிவைக்க அங்கே ஒன்றுமில்லை. தலையைச் சாய்த்து இடது கன்னத்தைக் கட்டையில் வைத்தார்.

அங்கே ஒரு குழி இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத குழி. தேய்த்த கைக்கும் தெரிந்திருக்கவில்லை. எத்தனையோ வருஷம் ஒரு முகம் அழுத்தி அழுத்தித் தொடங்கிவைத்தது. மிச்சத்தை அவரே செய்திருக்கிறார். கறுப்பு போகவில்லை, போகவில்லை என்று மற்ற இடத்தை விட அங்கேதான் அதிகம் தேய்த்தார். தாள் மாற்றித் தாள் மாற்றித் தேய்த்தார். தேய்த்த அளவுக்கு ஆழம்.

அவர் தாடை அதற்குள் போய் உட்கார்ந்தது. இடறவில்லை. அவரை அளவெடுத்துச் செய்தது போல.

வார்னிஷ் வாசனை அடித்தது. அதற்கும் அடியில் வேறு ஏதோ ஒரு வாசனை. அது மரத்தினுடையதாகவும் இருக்கலாம்.

மஞ்சு குழலின் வாயில் வந்து நின்றது. அந்தப் பக்கம் ஆனை நிற்கிறதா, வாசலில் கதவைத் தட்டிவிட்டு அண்ணன் நிற்கிறானா என்று சொல்ல முடியாத வெண்மை. தங்கையன் கண்ணை மூடவில்லை.

ரிசார்ட்காரன் ஹார்னை அழுத்திப் பிடித்தான். விடவேயில்லை.

"ஆசானே," என்றார் தங்கையன். குரல் கட்டைக்குள்ளிருந்து வந்தது. "விலை என்னன்னு சொல்லிருங்க."

"சொல்றேன் அண்ணாச்சி," என்றாள் எப்சிபாய். "முகத்தை எடுங்க."

ஹார்ன் ஓய்ந்தது. வண்டி கிளம்பி, முதல் வளைவில் திரும்பி, மஞ்சோடு இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

அவர் முகத்தை எடுக்கவில்லை.