பாவமில்லாத ஞானத்தகப்பன்

தங்கபுஷ்பத்தின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நின்றுபோனது. புருஷன் ஓடிப்போனானாம்; அதற்கு இவள் பாவியாம். என்ன நியாயமோ! தடுத்தவர் சபை மூப்பர் ஞானாபரணம். போதகரோ வாயே திறக்கவில்லை.

"பாவமே செய்யாத ஒருத்தர் பிள்ளைக்குப் பொறுப்பேத்து ஞானத்தகப்பனா நிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார் மூப்பர், ஆராதனை முடிந்து சபையே கேட்க.

தங்கபுஷ்பம் குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதாள். கோயில் பெருக்குகிற ரெபெக்காள் விறுவிறுவென்று முன்னால் வந்தாள்.

"ஆள் இருக்கு, ஐயா."

"யாரு?"

"நீங்கதான். இருபது வருஷமா ஒரு பாவமும் செய்யலன்னு போன வாரம்தானே சாட்சி சொன்னீங்க? நாங்ககூட அல்லேலூயா போட்டோமே. பிள்ளையப் பிடிங்க."

அவள் குழந்தையை வாங்கி நீட்டியேவிட்டாள். பிடித்தால் அவர் பாவி என்ற பெண்ணின் பிள்ளைக்கே ஞானத்தகப்பன். மறுத்தால் சாட்சி பொய். சபை மொத்தமும் பார்த்தது. மூப்பருக்கு வேர்த்துக் கொட்டியது.

"நானும்... பாவிதான்" என்று முனகினார்.

"அப்படிச் சொல்லுங்க! ஒரு பாவி மூப்பரா இருக்கலாம்னா, இன்னொரு பாவி ஞானத்தாயா நிக்கக் கூடாதா?"

போதகர் அவசரமாகத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அன்று அந்தப் பிள்ளையை ஏந்தி ஞானத்தாயாக நின்றவள் ரெபெக்காள்.