அமைதி காக்கவும்

குருவுக்கு வயது முப்பத்தி நாலு. சீடருக்கு அறுபத்தொன்று. சிரிக்க வேண்டாம், இந்தக் கதை அப்படித்தான்.

குருவின் பெயர் ஜெபமலர். உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கிளை நூலகத்தின் நூலகர். சீடர் எத்திராஜ், கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதி வரும்போது "சைலன்ஸ்!" என்று குரல் கொடுப்பார். வழக்குக்கு வந்தவர்களின் பெயரை வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிடுவார். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் நூலகத்துக்கு வந்து, "புஸ்தகத் தொழில் கத்துக்குடுங்க மேடம், சம்பளம் வேண்டாம்" என்று நின்றுவிட்டார்.

வந்த வாரமே ஒரு பலகை வாங்கி, தன் கையாலேயே பெயிண்ட் அடித்து எழுதி மாட்டினார். "அமைதி காக்கவும்."

ஜெபமலர் அதைப் பார்த்தார். "எழுத்து நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான்.

எத்திராஜுக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது தும்மினால் "உஸ்." நாற்காலி நகர்ந்தால் "உஸ்." பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள்கூட மெல்ல மெல்ல அவரைப் போலவே "உஸ்" போடப் பழகிக்கொண்டார்கள். ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். கோர்ட்டில்கூட இப்படி ஓர் அமைதியைக் கண்டதில்லை என்று அவருக்கு ஒரே பெருமை.

ஜெபமலர் புதுப் புத்தகங்கள் எடுத்துவர வெளியூர் போயிருந்த ஒருநாள், உச்சிமாகாளி வந்தாள்.

ஊரில் அவளைத் தெரியாதவர் இல்லை. உப்பளத்தில் வேலை பார்ப்பவள். நடந்து முடிந்த தேர்தலில் ஊராட்சித் தலைவியாக ஜெயித்திருந்தாள். திங்கட்கிழமை பதவியேற்பு. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை என்ன ஆளப்போகிறாள், அதிகாரி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவாள் என்று தோற்றவர்கள் டீக்கடையில் பேசிச் சிரித்தார்கள். அது அவள் காதுக்கு வந்தது. உறுதிமொழியை நானே பார்த்துப் படிக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். முதியோர் வகுப்பில் எழுத்து கற்றிருந்தாள். எழுத்தைக் கூட்டி வாசிக்கத்தான் இன்னும் வரவில்லை.

சிறுவர் அலமாரியிலிருந்து பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். வரிக்கு அடியில் விரலை வைத்தாள்.

"கா... க்... கா. காக்கா. ப... ற... பற..."

"உஸ்" என்றார் எத்திராஜ்.

அவள் குரலைத் தணித்தாள். "பற... ந்..."

"எம்மா, மனசுக்குள்ள வாசிங்க. போர்டு போட்டிருக்குல்லா?"

அவள் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். எழுத்துகள் தனித்தனியாக நின்றன. ஒன்றோடு ஒன்று ஒட்டவே இல்லை.

"சத்தம் போட்டாத்தான் வருது அண்ணாச்சி."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. அந்த உறுதிமொழிய மனப்பாடம் பண்ணிருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"திங்கக்கிழமைக்கு மனப்பாடம் போதும். செவ்வாக்கிழமை வேற தாளக் கொண்டாந்து கையெழுத்துக் கேப்பாவல்லா? அதுல என்ன இருக்குன்னு யாருட்ட கேக்க?"

எத்திராஜ் பலகையைக் காட்டினார். அவள் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எத்திராஜுக்கு உறுத்தியது. புத்தகக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த குருவிடம் நடந்ததைச் சொன்னார்.

"படிக்கணும்னு அவ்வளவு ஆசையா வந்த அம்மா, மேடம். ஏன் வராமப் போனாவ?"

ஜெபமலர் அந்தக் கட்டுக்குள்ளிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை உருவினார்.

"நீங்க வீட்டுல தெலுங்குதானே பேசுவீங்க அண்ணாச்சி?"

"ஆமா. பேச்சு மட்டும்தான். எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது."

"இது தெலுங்கு அரிச்சுவடி. முன்பக்கத்துல ஒவ்வொரு எழுத்துக்குக் கீழயும் தமிழ்ல உச்சரிப்பு இருக்கு. அதப் பாத்து, கடைசிப் பக்கத்துல இந்த ஒரு வரிய மட்டும் வாசிச்சிட்டு வாங்க. சத்தம் வரக்கூடாது. உதடும் அசையக்கூடாது."

இது ஒரு வேலையா என்று எத்திராஜ் மூலையில் போய் உட்கார்ந்தார். முதல் எழுத்தைக் கண்டுபிடித்தார். இரண்டாவதைக் கண்டுபிடிப்பதற்குள் முதல் எழுத்து போய்விட்டது. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்தார். வேர்த்துக் கொட்டியது. கடைசியில் தன்னையறியாமல் வாய் திறந்தது.

"அ... ம்... ம. அம்ம. நீ... ள்... ளு. நீள்ளு. தெ... ச்... சி..."

சட்டென்று எல்லாம் சேர்ந்தது.

"அம்ம நீள்ளு தெச்சிந்தி! மேடம்! அம்மா தண்ணி கொண்டாந்தா! எங்கம்மா பேசுன பேச்சு மேடம், அப்படியே எழுத்துல இருக்கு!"

நாற்காலி கவிழ எழுந்து நின்றுவிட்டார். அறுபத்தொரு வயதில் ஒரு மனிதர் இப்படித் துள்ளி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"உஸ்."

எத்திராஜ் அப்படியே நின்றார். குருவைப் பார்த்தார். குரு அட்டை கிழிந்த ஒரு புத்தகத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்த நிமிஷம் பலகை ஆணியிலிருந்து இறங்கியது. எத்திராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். உப்பள வரப்பில் ஏறி நின்று, கோர்ட் வாசலில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"உச்சிமாகாளி! உச்சிமாகாளி! உச்சிமாகாளி!"

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "என்னண்ணாச்சி, சம்மனா?"

"ஆமா. உடனே வரணும். சத்தமா வாசிக்கணும். எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமா!"

அன்று தொடங்கியது கூத்து. முன்னறையில் உச்சிமாகாளி வாசித்தாள். அவளோடு உப்பளத்துப் பெண்கள் சிலர் வந்து வாசித்தார்கள். பக்கத்தில் எத்திராஜ் தெலுங்கு வாசித்தார். பெரியவர்கள் பேப்பரைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார்கள். இரண்டு நாளில் அவர்களே மெதுவாகத் திரும்பி வந்து, "அது 'பறந்தது' இல்லம்மா, 'பறித்தது', நல்லாப் பாரு" என்று திருத்த ஆரம்பித்தார்கள். நூலகமா சந்தைக்கடையா என்று தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலர் உள்ளேயும் வந்தார்கள்.

திங்கட்கிழமை வந்தது. ஊராட்சி மன்றத்தில் நிற்க இடமில்லை. டீக்கடைக்காரர்கள் ஜன்னலில் தொத்திக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி தாளை எடுத்து, "நான் சொல்றதத் திருப்பிச் சொல்லுங்கம்மா" என்றார்.

"தாளக் குடுங்க சார்."

உச்சிமாகாளி வரிக்கு அடியில் விரலை வைத்தாள். வாசித்தாள். தன் பெயரைத் தாண்டினாள். ஊர்ப் பெயரைத் தாண்டினாள். "அரசி... யல... மைப்பு" என்ற இடத்தையும் மூச்சு வாங்கித் தாண்டிவிட்டாள். அதற்குப் பிறகு வந்த ஒரு சொல்லில் விரல் நின்றுவிட்டது.

"ப... ற்... ப..."

ஜன்னலில் ஒருவன் சிரித்தான். சிரிப்பு பரவியது. "போதும்மா, நான் சொல்லிடுறேன்" என்று அதிகாரி தாளுக்குக் கை நீட்டினார். அவள் தாளை விடவில்லை.

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து கூரை அதிர ஒரு குரல்.

"சைலன்ஸ்!"

நீதிபதிகள் வரும்போதுகூட எத்திராஜ் இப்படிக் குரல் கொடுத்ததில்லை. ஜன்னல் வாயை மூடியது. அதிகாரியின் கை கீழே இறங்கியது. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ப... ற்... று... று... தி" என்றாள் உச்சிமாகாளி. "பற்றுறுதி. பற்றுறுதியும் கொண்டிருப்பேன்!"

பிறகு அவள் நிற்கவே இல்லை. கடைசி வரி முடிந்ததும் உப்பளத்துப் பெண்கள் போட்ட குலவையில் எத்திராஜின் அழுகை யாருக்கும் கேட்கவில்லை. தாளைக் கீழே வைத்து, முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை மெல்ல வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் நூலகத்தில் வழக்கமான இரைச்சல். எத்திராஜ் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பலகையை எடுத்து வந்தார்.

"மேடம், இத என்ன செய்ய? உடைச்சு அடுப்புல போட்டுரவா?"

ஜெபமலர் பலகையை வாங்கி, அதன் தூசியைத் துடைத்தார்.

"எதுக்கு அண்ணாச்சி, நல்ல பலகைதானே. வெளிவாசல்ல மாட்டுங்க" என்றார். "எழுத்து தெருவப் பாத்து இருக்கட்டும். உள்ள படிச்சிட்டு இருக்காங்கல்லா?"