இசக்கி கண்டுபிடித்தது

"சாமியம்மா, ரத்தமா, வளர்ப்பா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லிருங்க."

பேச்சியம்மாள் கேட்ட வேகத்தில் குருவின் முறத்திலிருந்து உளுந்து கொஞ்சம் சிந்தியது.

குருவுக்கு வயது நாற்பது. சிஷ்யை பேச்சிக்கு ஐம்பத்தெட்டு. மலையடிவாரத்து அந்தக் குடிலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

"என்ன ஆச்சுக்கா?"

"இசக்கியும் நானும் ஒரே பிரசவம். பத்து நிமிசந்தான் வித்தியாசம். பிறந்த கையோட அவளை டவுன்ல பிள்ளையில்லாத அத்தைக்குக் குடுத்துட்டாவ. எனக்குக் காடுன்னா உசுரு. அவளுக்குப் புல்லுல கால் வைக்கவே கூசுது. ரத்தம்னா அவளுக்கும் இருக்கணும். வளர்ப்புன்னா, இந்த வயசுல இனி எங்க இருந்து வரும்?"

இசக்கியின் புருஷன் இறந்து ஆறு மாதம். அவளைத் தனியாக அனுப்பப் பேச்சிக்கு மனசே இல்லை. இங்கேயே தங்கிவிட மாட்டாளா என்று ஏங்கினாள். நாலு நாள் தங்கிப் போக வந்த இசக்கியோ அன்றைய சாயங்கால பஸ்ஸுக்குப் பையைக் கட்டி வைத்தாயிற்று.

"நாலு நாளா என்ன செஞ்சீங்க?"

"விடுவேனா? ஒரு மரம் பாக்கியில்லாம காட்டிட்டேன். பேரு, காய், மருந்து, எல்லாம் சொன்னேன். கொட்டாவிதான் விட்டா."

குரு சிரித்தார்.

"இன்னைக்கு உங்க தங்கச்சியை ஓடைக்குத் தனியா அனுப்புங்க."

"அப்போ நான்?"

குரு முறத்தை நீட்டினார்.

பேச்சி உளுந்தில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். கண் உளுந்தில், மனசு ஓடையில். ஒரு கல்லும் குறையவில்லை.

வெயில் தாழ்ந்தது. கீழே பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. இசக்கியைக் காணோம்.

பேச்சி முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஓடைக்கரை மணலில் இசக்கி குப்புறக் கிடந்தாள். சேலையெல்லாம் மண். பேச்சி அலறினாள்.

"ஏட்டி!"

"உஷ்! மெள்ள வா." இசக்கி தலையைத் தூக்கவில்லை. "இந்தக் குழிக்குள்ள ஏதோ உசுரு இருக்கு, பேச்சி. எறும்பு சறுக்கி விழுந்தா, மண்ணை வாரி எறிஞ்சு பிடிக்குது. நான்தான் கண்டுபிடிச்சேன்."

குழியானை. பாவாடை கட்டிய நாளிலிருந்து பேச்சிக்குத் தெரிந்த பூச்சி. அதன் பெயர் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

விழுங்கினாள். தங்கையின் பக்கத்தில் மண்ணில் கவிழ்ந்து படுத்தாள்.

"என்னதுட்டி அது?" என்றாள். "எனக்கும் காட்டு."