பிடித்திருந்த கை

வக்கீல் ஆவுடையப்பன் அந்த மலையடிவாரத்து மடத்துக்கு வந்துபோக ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியும் வக்கீல் புத்தி அவரை விட்டபாடில்லை. ஞானத்தைக்கூடக் குறுக்கு விசாரணை செய்துதான் வாங்குவார். மடத்தை நடத்தும் உலகம்மை வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் இவர் தரையில் உட்கார்ந்து "அம்மா" என்பார். உலகம்மை இவரை "அண்ணாச்சி" என்பார்.

அன்று உலகம்மை அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எதைப் பத்தியும் இல்லாத உணர்வுன்னு ஒண்ணு உண்டா? மேலுக்கு, இந்த உடம்புக்குத் தெரியுது, மனசு அங்கே இல்லை. அதை அறிவுன்னு சொல்லலாமா?"

"யாருக்கு வேணும் இந்தப் பதில்?"

"பொதுவாத்தான் கேக்கேன்."

"பொதுவாக் கேக்குறதுக்கா இந்த மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தீங்க?"

ஆவுடையப்பன் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

அவர் மனைவி சங்கரவடிவு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி சாயங்காலம். அவள் கை இவர் கைக்குள் இருந்தது. சூடு தெரிந்தது, வியர்வை தெரிந்தது. மனசு மட்டும் மறுநாள் வாதாட வேண்டிய வழக்கில் கிடந்தது. அவள் ஏதோ கேட்டாள். இவர் "ம்" என்றார். என்ன கேட்டாள் என்று இன்றுவரை தெரியாது. விடியுமுன்னே போய்விட்டாள் மகராசி.

"தொட்டுக்கிட்டுத்தானேம்மா இருந்தேன்! என் கைக்குத் தெரிஞ்சுதே! அப்ப நான் அவகூட இருந்தேனா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"இருந்தீங்க" என்று எப்படியாவது ஒரு தீர்ப்பு வாங்கிவிட வேண்டும் அவருக்கு. அது கிடைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

உலகம்மை காயைக் கீழே வைத்தார்.

"உங்க கையைப் பத்தியே சொல்றீங்க அண்ணாச்சி. அவங்க கை எப்படி இருந்துச்சு?"

"அதான் சொன்னேனே, சூடா..."

"அது உங்களுக்குத் தெரிஞ்ச சூடு. அவங்க கை?"

ஆவுடையப்பனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இதென்ன கேள்வி! எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"மெலிஞ்சு..." என்றார். "மெலிஞ்சு போயிருந்துச்சு. மோதிரம் கழண்டு விழுதுன்னு நூல் சுத்திப் போட்டிருந்தா. ஊசி குத்தின இடமெல்லாம் கன்னிப்போய்... அய்யோ, நான் பிடிச்சிருந்தது அந்த இடத்துலதான். வலிச்சிருக்கும்மா. வலிச்சிருக்கும்! கையை எடுக்கவே இல்லையே அவ!"

கோர்ட்டில் எத்தனையோ பேரை அழவைத்த மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் போன அன்றுகூட இப்படி அழவில்லை.

உலகம்மை தடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அவ என்ன கேட்டான்னு மட்டும் நெனவுக்கு வரமாட்டேங்குதே. என்னைக்காவது வருமாம்மா?"

"வராது அண்ணாச்சி. அது உங்ககிட்ட வந்து சேரவே இல்லையே. அவங்க கை இப்பத்தான் வந்திருக்கு. இனிமேயாவது வலிக்காமப் பிடிச்சுக்கிடுங்க."