பழனியம்மாளின் கையெழுத்து

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை செந்தாமரைக்கு, பெற்ற தாயின் பெயரை எப்படி எழுதுவது என்று சந்தேகம் வந்துவிட்டது. வரலாமா அது? வந்துவிட்டதே!

நேராகத் தன் குருவிடம் போனாள். குருவுக்கு அவளைவிட வயது குறைவு. அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"சாமி, அம்மாவைப் புதைச்ச இடத்துல கல் நடணும். கல் கொத்துறவர் நாளைக்கு வர்றார். பேரை எப்படிப் போடுறதுன்னு தெரியலை."

"அம்மா பேர் என்ன?"

"பழனியம்மாள்."

"அப்புறம் என்ன?"

செந்தாமரை பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து நீட்டினாள். பக்கம் பக்கமாக ஒரே பெயர். 'பலனியம்மாள்', 'பலனியம்மாள்.' ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கோடு, இரண்டு புள்ளி.

"அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை சாமி. செத்த பிறகு அவ டிரங்குப் பெட்டியில இது கிடைச்சது."

"யார் சொல்லிக்கொடுத்தா?"

செந்தாமரை அந்தக் கோட்டையும் புள்ளிகளையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"மூணாங்கிளாஸ்ல என் மார்க் கார்டுல அம்மா கைநாட்டு வெச்சா. கிளாஸே சிரிச்சுது. 'கைநாட்டு மக, கைநாட்டு மக'ன்னு ஒரே கேலி. அடுத்த மாசம் அவ பேரை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். ழ எழுதத் தெரியாம ல போட்டேன். அழகுக்கு ஒரு கோடு, ரெண்டு புள்ளி. அதுக்கப்புறம் எந்தக் கார்டையும் அவகிட்ட காட்டவே இல்லை."

"ம்."

"என் பையில இருந்த அந்தக் கார்டை எடுத்துப் பார்த்து அவளாவே எழுதிப் பழகியிருக்கா. இது என் தப்பு சாமி!"

"இந்தக் கையெழுத்தை எங்கேயாவது போட்டாங்களா?"

"இல்லையே. ரேஷன் கடையில கடைசிவரைக்கும் கைநாட்டுதான். நான் கார்டைக் கொண்டுவந்து நீட்டுவேன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா, பாவி மக எனக்குத் தெரியலையே! இருபது வருஷம் படிச்சேன். அந்த ஒரு எழுத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாதா?"

அழுது தீர்க்கட்டும் என்று குரு விட்டுவிட்டார். பிறகு நோட்டை அவள் மடியில் விரித்து வைத்தார்.

"சிவப்புப் பேனா வெச்சிருப்பீங்களே. திருத்துங்க."

பேனாவைத் திறந்தாள். எத்தனை ஆயிரம் விடைத்தாளில் இதே 'ல'வைச் சுழித்த கை! இங்கே இம்மி அசையவில்லை. பேனாவை மூடினாள்.

"முடியலை சாமி."

"அப்போ கல்லுலயும் அப்படியே இருக்கட்டும்."

"ஐயோ! தமிழ் டீச்சர், அம்மா பேர்லயே தப்புன்னு ஊரே சிரிக்காதா?"

குரு அவளையே பார்த்தார்.

"அன்னிக்கும் இதுக்குத்தானே பயந்தீங்க, டீச்சர்?"